39 ஆண்டுகள் அச்சில் கிடந்த மருந்து

மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோயைப் பற்றி எந்த மருத்துவ நூலைப் புரட்டினாலும் ஒரு செய்தி தவறாமல் இருக்கும். 1934-ல் லண்டனில் மேரி வாக்கர் என்ற மருத்துவர் ஃபைசோஸ்டிக்மின் என்ற மருந்தை ஊசி மூலம் செலுத்தி, தொங்கிய இமைகளை உயர வைத்தார். இந்நோய்க்குப் பலன் தந்த முதல் மருந்து அதுதான் என்று எழுதியிருப்பார்கள். நானும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தேன். பிறகு, நோய்க்கு இன்றைய பெயரை வைத்த பெர்லின் மருத்துவர் ஃப்ரீட்ரிஷ் யோலியைப் பற்றிப் படிக்கும்போது ஒரு தகவல் தடுத்து நிறுத்தியது. 1895-ல் வெளியான தம் கட்டுரையிலேயே அவர் ஃபைசோஸ்டிக்மினைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். இந்த மருந்து உதவக்கூடும் என்று எழுதியவர், அதை யாருக்கும் கொடுத்துப் பார்க்கவில்லை.

1895-க்கும் 1934-க்கும் இடையே 39 ஆண்டுகள். அந்தக் காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் பலர் உணவு விழுங்க முடியாமலும் மூச்சுவிட முடியாமலும் இறந்தார்கள். மருந்தின் பெயரோ அச்சில் இருந்தது. அது எப்படி அங்கேயே கிடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இந்த வரலாற்றைக் கடந்து போக முடியவில்லை. பழைய இதழ்களையும், இத்துறையின் வரலாற்றைத் தொகுத்த ஹென்றி வீட்ஸ் போன்றோரின் கட்டுரைகளையும் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடக்கத் தொடங்கினேன். வீட்ஸ் வெறும் வரலாற்றாளர் மட்டுமல்லர். 1935-ல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இந்நோய்க்கென்றே தனி கிளினிக் தொடங்கியவர்.

பழைய ஏடுகளில் இந்த நோயைத் தேடுவதற்கு ஒரு வசதி உண்டு. இப்படிப்பட்ட போக்கு வேறு நோய்களில் அரிது. காலையில் எழும்போது எல்லாம் சரியாக இருக்கும். பொழுது ஏற ஏற இமை தாழும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும். பாதிச் சாப்பாட்டில் தாடை ஓய்ந்துவிடும். பேசப் பேசக் குரல் மூக்கால் வரத் தொடங்கி, பிறகு புரியாமலே போகும். தலை வாரக் கையைத் தூக்கினால் நடுவழியில் இறங்கிவிடும். சற்று நேரம் ஓய்வெடுத்தால் வலு திரும்பும். உணர்ச்சி குறைவதில்லை, வலி இருப்பதில்லை. பயன்படுத்தினால் சோர்வு, ஓய்ந்தால் மீட்சி என்ற இந்த வரிசையை யாராவது எழுதி வைத்திருந்தால், பெயர் தெரியாத காலத்து நோயாளியைக்கூட அடையாளம் கண்டுவிடலாம்.

இந்த வசதியே சில சமயம் தவறான இடத்துக்கும் இட்டுச் செல்லும். அமெரிக்காவின் முதல் நோயாளி என்று சில கட்டுரைகள் ஒபெசான்கனோ என்ற பவ்ஹாட்டன் பழங்குடித் தலைவரைச் சொல்கின்றன. வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயரை 1644-ல் எதிர்த்து எழுந்தவர் அவர். நடக்க முடியாததால் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், இமைகளை உதவியாளர்கள் விரலால் உயர்த்தினால்தான் அவரால் பார்க்க முடிந்தது என்பது கதை. 1646-ல் பிடிபட்டு, ஜேம்ஸ்டவுனில் ஒரு காவல் வீரனால் சுட்டுக் கொல்லப்பட்டார். இமை, நடை என்று இரண்டு அடையாளங்களும் இருக்கவே எனக்கும் ஆர்வம் கூடியது. ஆனால் இதன் மூலம் எது என்று தேடினால், ராபர்ட் பெவர்லி 1705-ல் வெளியிட்ட வர்ஜீனிய வரலாற்றில்தான் போய் நிற்கிறது. தலைவர் இறந்து ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பிறகு, கேட்டதை வைத்து எழுதிய நூல் அது. அவருக்கு அப்போது வயது கிட்டத்தட்ட நூறு என்றும் அதே மரபு சொல்கிறது. அந்த வயதில் இமை தளர்வதற்கும் கால் தளர்வதற்கும் காரணம் பல உண்டு. காலைக்கும் மாலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத நிலையில், அவரை இந்த வரிசையில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

ஒப்புக்கொள்ளத் தக்க முதல் சாட்சி 1672-ல் கிடைக்கிறது. மூளையின் அடியில் உள்ள ரத்தக்குழாய் வளையத்தால் இன்றும் நினைக்கப்படும் தாமஸ் வில்லிஸ், விலங்குகளின் ஆன்மா குறித்து லத்தீனில் எழுதிய நூலில் பக்கவாதங்களைப் பற்றிப் பேசும்போது ஒரு பெண்ணைக் குறிப்பிடுகிறார். காலையில் நன்றாக இயங்குபவர்கள் மாலைக்குள் கையைக் காலை அசைக்க முடியாமல் போவதைச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் நெடுநேரம் பேசினாலோ வேகமாகப் பேசினாலோ நாவே எழாமல் ஊமையாகிவிடுவார் என்றும், ஓரிரு மணி நேரம் கழித்துத்தான் பேச்சு திரும்பும் என்றும் எழுதுகிறார். பேச்சால் சோர்ந்த தசை, ஓய்வால் மீண்ட தசை. தேடிய வரிசை முழுமையாக இருக்கிறது. ரத்தத்தில் உள்ள ஏதோ கோளாறும் இதற்குக் காரணமாகலாம் என்று ஊகிக்கவும் செய்கிறார். அந்த ஊகத்தை இங்கே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. இன்னும் 300 ஆண்டுகள் கழித்து அதற்கு வேலை இருக்கிறது.

நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1683-லேயே வந்துவிட்டது. வில்லிஸ் மறக்கப்பட்டவரும் அல்லர். ஆனாலும் அந்தப் பத்தி இந்த நோயைத்தான் சொல்கிறது என்று ஒருவர் எழுதுவதற்கு 1903 வரை ஆயிற்று. லெனர்ட் கத்ரி என்ற லண்டன் மருத்துவர் லான்செட் இதழில் அதைச் சுட்டிக்காட்டினார். 231 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்ததற்குக் காரணம் எளியது. நோய்க்கு ஒரு வடிவம் கிடைத்த பிறகுதான் பழைய வரிக்குப் பொருள் கிடைத்தது.

அந்த வடிவம் உருவானது 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில். லண்டன் கைஸ் மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ் 1877-ல் பதிவு செய்த இளம்பெண்ணின் கதையைப் படிப்பது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. பேச்சும் விழுங்கலும் தடுமாறி வந்த அவளுக்கு இருப்பது ஹிஸ்டீரியா என்று முதலில் நினைத்தார்கள். மூச்சு நின்று இறந்துபோனாள். பிரேதப் பரிசோதனையில் மூளைத்தண்டை நுண்நோக்கியில் வைத்துத் தேடினார்கள், எந்தக் கோளாறும் தென்படவில்லை. கண்ணுக்குத் தெரியும் சிதைவு இல்லாமல் ஒரு முடக்குவாதம் ஆளைக் கொல்லும் என்பதை வில்க்ஸ் நேர்மையாக எழுதி வைத்தார். இன்றும் இந்நோயாளிகளில், குறிப்பாக இளம்பெண்களில், சிலர் மனக்கோளாறு என்ற முத்திரையோடு அலைந்த பிறகே நரம்பியல் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள் என்பதால் அந்தப் பக்கத்தைப் பழங்கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

அடுத்து 1879-ல் ஹைடல்பர்க்கின் வில்ஹெல்ம் எர்ப், 1893-ல் வார்சாவின் சாமுவேல் கோல்ட்ஃப்ளாம். இருவரும் தலைக்கு மூன்று நோயாளிகளை விவரித்தார்கள். கோல்ட்ஃப்ளாமின் விவரிப்பு இன்று படித்தாலும் குறை சொல்ல முடியாதது. நோய் ஏறுவதையும் தணிவதையும் மறுபடி ஏறுவதையும் பொறுமையாகக் கவனித்திருக்கிறார்.

இனி யோலி. 1894 டிசம்பர் 5 அன்று பெர்லின் மருத்துவக் கூட்டத்தில் அவர் பேசியது, அடுத்த மாதம் பெர்லின் வாராந்தர மருத்துவ இதழின் அந்த ஆண்டுத் தொகுதியின் முதல் பக்கத்திலேயே அச்சாயிற்று. ஒதுக்குப்புறமான இடமில்லை அது. ஐரோப்பா முழுக்க மருத்துவர்கள் படித்த இதழ். பதின்ம வயதுச் சிறுவர் இருவரை வைத்து அவர் செய்த சோதனை அழகானது. தசையில் மின்னோட்டம் பாய்ச்சிச் சுருங்க வைத்தார். மீண்டும் மீண்டும் பாய்ச்சியபோது சுருக்கம் சிறிதாகிக்கொண்டே வந்து நின்றது. ஓய்வு கொடுத்தார், திரும்பியது. ஆக, சோர்வது நோயாளியின் மன உறுதி அன்று, உடலில் அதற்குக் கீழே எங்கோ பழுது இருக்கிறது என்று காட்டிவிட்டார். வில்க்ஸின் அந்தப் பெண்ணின் மேல் விழுந்த பழியைத் துடைக்க இந்த ஒரு சோதனை போதும். நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டித் தசையின் பதிலை அளக்கும் இன்றைய பரிசோதனைக்கு மூலம் இதுதான்.

அந்தக் கட்டுரையில்தான் ஃபைசோஸ்டிக்மின் வருகிறது. தசைகளைத் துடிக்க வைக்கும் அதன் குணம் அன்றைய மருந்தியலாளர்கள் அறிந்தது. சோர்ந்த தசைக்கு அது உதவலாம் என்று நினைப்பது இயல்பான நகர்வு. பிறகு ஏன் கொடுக்கவில்லை? இதற்கு விடை தேட வேண்டுமானால் நோயை விட்டுவிட்டு மருந்தின் பின்னால் போக வேண்டியிருந்தது.

ஃபைசோஸ்டிக்மின் கலபார் அவரையிலிருந்து வருகிறது. இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கில், பழைய கலபார் பகுதியில் வாழும் எஃபிக் மக்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அந்த அவரையைக் கொடுத்து உண்மை அறிந்தார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தவர் நிரபராதி, இறந்தவர் குற்றவாளி. ஸ்காட்லாந்திலிருந்து போன மதப் பணியாளர்கள் வழியாக விதைகள் எடின்பரோவுக்கு வந்து சேர்ந்தன. நச்சியல் பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் 1855-ல் அதில் ஒரு துண்டைத் தானே தின்று பார்த்தார். தலை சுற்றி உடல் தளரத் தொடங்கியதும், சவரம் செய்துவிட்டு வைத்திருந்த தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்துத் தப்பினார். 1862-ல் தாமஸ் ஃப்ரேசர் என்ற மாணவர் அதே எடின்பரோவில் இந்த அவரையைப் பற்றி ஆய்வேடு எழுதித் தங்கப் பதக்கம் பெற்றார். அது கண்மணியைச் சுருக்குவதை அவரிடமிருந்து அறிந்த நண்பர் ஆர்கைல் ராபர்ட்சன் மறு ஆண்டே கண் மருத்துவத்தில் அதை அறிமுகப்படுத்தினார். வேதியியலாளர்கள் யோப்ஸ்டும் ஹெஸ்ஸேயும் 1864-ல் அதன் செயற்பொருளைப் பிரித்தெடுத்தனர். 1876-ல் ஸ்ட்ராஸ்பர்க்கின் லுட்விக் லாக்கர் கண் அழுத்த நோய்க்கு அதைக் கொடுத்தார்.

இங்கேதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. மயஸ்தீனியா பெரும்பாலும் கண்ணில்தான் தொடங்குகிறது. இமை தாழ்ந்தவர்களும் இரட்டைப் பார்வைக்காரர்களும் முதலில் போனது கண் மருத்துவரிடம். அந்த மருத்துவரின் மருந்துப் பெட்டியில் 1870-களிலிருந்தே ஃபைசோஸ்டிக்மின் இருந்தது. அதைச் சொட்டாகக் கண்ணில் விட்டார்கள். ஊசியாக உடலில் செலுத்த அஞ்சினார்கள். ஆளைக் கொல்லும் அவரை என்ற பெயர் அதை விடவில்லை. அளவு மீறினால் மூச்சுத் தசைகளையே அது முடக்கும் என்பது உண்மைதான். மூச்சுத் திணறும் அபாயத்தில் இருக்கும் நோயாளிக்கு அதையே கொடுக்க யோலி தயங்கியிருந்தால் வியப்பில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அந்த அச்சத்துக்கும் பதில் இருந்தது. அட்ரோபின் இதன் நஞ்சை முறிக்கும் என்பதை ஃப்ரேசர் 1870-களின் தொடக்கத்துக்குள் விலங்குகளில் விரிவாக நிறுவிவிட்டார். மருந்தும் காவலும் இரண்டுமே நூலகத்தில் இருந்தன.

1900-க்கு வந்தபோது தடயங்கள் நெருங்கி நெருங்கிக் கிடைத்தன. வியன்னாவில் ஜேக்கப் பால் நாய்களின் குடல் அசைவை ஆராய்ந்துகொண்டிருந்தார். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் பூசும் குராரே நஞ்சைக் கொடுத்து நாயை அசையாமல் வைத்திருந்தார். குடலுக்காக ஃபைசோஸ்டிக்மின் கொடுத்தபோது, முடங்கிக் கிடந்த நாய் தானாக மூச்சுவிடத் தொடங்கியது. குராரேவுக்கு முறிமருந்து கிடைத்துவிட்டது. வேறொன்றைத் தேடியவர் கையில் கிடைத்தது. குராரே எங்கே தாக்குகிறது என்பதும் ஏற்கெனவே தெரியும். 1850-களில் பாரிஸில் கிளாட் பெர்னார் தவளைகளில் செய்த சோதனைகளில் நரம்பும் தசையும் தனித்தனியே நலமாக இருக்க, இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் அது வேலை செய்கிறது என்று தெளிவாகியிருந்தது.

அதே 1900-ல் ஹாரி காம்ப்பெல், எட்வின் பிராம்வெல் இருவரும் பிரெய்ன் இதழில் 60 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தார்கள். ரத்தத்தில் சுற்றும் ஏதோ நஞ்சு காரணமாகலாம் என்றார்கள். மறு ஆண்டு பெர்லினில் ஹெர்மன் ஓப்பன்ஹைம் மயஸ்தீனியாவைப் பற்றித் தனி நூலே எழுதினார். இந்த நோய் குராரே நஞ்சேற்றத்தை ஒத்திருக்கிறது என்ற கருத்து அதில் இருக்கிறது.

நோய் குராரேவைப் போன்றது என்று 1901-ல் பெர்லின் சொல்கிறது. குராரேவை ஃபைசோஸ்டிக்மின் முறிக்கிறது என்று 1900-ல் வியன்னா சொல்லிவிட்டது. இரண்டும் ஜெர்மன் மொழியில். இந்த இரண்டு வரிகளையும் ஒரே மருத்துவர் ஒரே வாரத்தில் படித்திருந்தால் போதும். ஒன்று குடலியல் சோதனைக் குறிப்பு, மற்றது நரம்பியல் நூல். படிப்பவர்கள் வேறு வேறு. தேடலில் என்னை மிகவும் பாதித்தது இந்த இடம்தான். 39 ஆண்டுகளில் முதல் 6 ஆண்டுகளுக்குள்ளேயே விடை முழுமையாக அச்சில் இருந்திருக்கிறது. மீதி 33 ஆண்டுகள் அறிவு இல்லாமல் கழிந்தவை அல்ல.

இன்னொரு தடயத்தையும் சொல்ல வேண்டும். ரோஷ் நிறுவனத்தின் ஆய்வகம் ஃபைசோஸ்டிக்மினின் செயற்கை உறவினரான புரோஸ்டிக்மினை 1931-ல் உருவாக்கியது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்ந்துபோன குடலை அசைய வைக்க அது பயன்பட்டது. இன்று நியோஸ்டிக்மின் என்று எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பது அதுதான். ஜெர்மனியில் லாசர் ரெமன் 1932-ல் மயஸ்தீனியா பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், ஒரு நோயாளிக்குப் புரோஸ்டிக்மின் ஊசி போட்டபோது நல்ல முன்னேற்றம் தெரிந்ததைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். அவர் கவனமெல்லாம் கிளைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் இருந்தது. விடையைக் கையில் தொட்டுப் பார்த்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். அதை விடை என்று சொல்லாததால், படித்தவர்களும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மேரி வாக்கர் 1888-ல் ஸ்காட்லாந்தின் விக்டவுனில் பிறந்தவர். எடின்பரோவில் 1913-ல் மருத்துவப் பட்டம் பெற்றார், முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவப் பணி செய்தார். 1920-ல் லண்டன் கிரீனிச்சில் உள்ள செயின்ட் அல்ஃபிஜ் மருத்துவமனையில் சம்பளம் வாங்கும் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். ஏழைகள் விடுதியின் நோயாளர் பிரிவாகத் தொடங்கிய மருத்துவமனை அது. ஆய்வுக்கூடம், மாணவர் கூட்டம், பெயர் பெற்ற பேராசிரியர்கள் எல்லாம் இருந்த லண்டன் போதனா மருத்துவமனைகளின் உயர்பதவிகள் அந்தக் காலத்தில் பெண்களுக்கு அநேகமாக மூடியே இருந்தன. வேலையோடு வேலையாகப் படித்து 1932-ல் ராயல் மருத்துவர் கல்லூரியின் உறுப்பினர் தேர்வில் தேறினார்.

அவருடைய வார்டில் 56 வயதுப் பெண் ஒருவர் மயஸ்தீனியாவோடு இருந்தார். நியூசிலாந்திலிருந்து வந்திருந்த நரம்பியல் வல்லுநர் டெரெக் டென்னி-பிரவுன் ஆலோசகராக வந்து பார்த்தபோது, இது குராரே நஞ்சேறியது போன்றது என்று சொன்னதாகவும், குராரேவுக்கு முறிமருந்து எது என்ற கேள்வி வாக்கருக்கு அப்போது எழுந்ததாகவும் மருத்துவ வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். மேல்நாட்டு மருத்துவக் கூட்டங்களில் இது அடிக்கடி சொல்லப்படும் கதை. கதையை வைத்துப் பெருமையில் பாதியை ஆலோசகருக்குக் கொடுத்துவிடுபவர்களும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. குராரே ஒப்புமை ஓப்பன்ஹைம் காலத்திலிருந்தே நரம்பியல் மருத்துவர்களின் பொதுச் சொத்து. 33 ஆண்டுகளாக அதைச் சொன்னவர்கள் பலர். அடுத்த கேள்வியைக் கேட்டு, ஊசியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனவர் ஒருவர்தான்.

1934 ஜூன் 2 லான்செட் இதழில் வந்தது கட்டுரைகூட அன்று, ஒரு கடிதம். அதில் வாக்கர் எழுதுவது இதுதான். குராரே போன்ற ஏதோ ஓர் அறியப்படாத பொருள் நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்குவதாக வைத்துக்கொண்டால், குராரேவை ஓரளவு முறிக்கும் ஃபைசோஸ்டிக்மினைக் கொடுத்துப் பார்ப்பது பயனுள்ளதாக இருக்கும் என்று தோன்றியது. கொடுத்தேன். பலன் வியக்கத்தக்கது, ஆனால் தற்காலிகமானது. இமை உயர்கிறது, கைகள் வலுவடைகின்றன, விழுங்க முடிகிறது. சில மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மூச்சு முட்டும் நெருக்கடியை ஒரு நோயாளி தாண்டுவதற்கு இது உதவலாம் என்பதால் முக்கியம் என்று கருதுகிறார். கடைசியில், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை ஃபைசோஸ்டிக்மின் தடுப்பது இதில் பொருளுள்ளதாக இருக்கலாம் என்று ஒரு குறிப்பு.

அந்தக் கடைசிக் குறிப்பைப் படித்தபோது உண்மையிலேயே சிலிர்த்தது. ஃபைசோஸ்டிக்மின் அந்த நொதியைத் தடுப்பதை ஓட்டோ லூவி 1926-ல் காட்டியிருந்தார். ஆனால் நம் விருப்பப்படி அசையும் தசைகளுக்கு நரம்பு அனுப்பும் செய்தியே அசிட்டைல்கோலின்தான் என்பதை ஹென்றி டேல், வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க், மார்த்தே ஃபோக்ட் மூவரும் நிறுவிய கட்டுரை 1936-ல்தான் வருகிறது. ஏழைகள் மருத்துவமனையின் உதவி மருத்துவர் இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே அந்தத் திசையைச் சுட்டிவிட்டார். இன்று நமக்குத் தெரிந்த விளக்கம் இது: நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் கசிந்து தசையின் மேலுள்ள ஏற்பிகளில் ஒட்டினால் தசை சுருங்கும். ஏற்பிகள் குறைந்துவிட்ட நோயாளியிடம், நொதியைத் தடுத்து அசிட்டைல்கோலினைக் கூடுதல் நேரம் அங்கேயே நிற்க வைத்தால் மீந்திருக்கும் ஏற்பிகளுக்கு அது போதும்.

1935 பிப்ரவரியில் வாக்கர் ஒரு நோயாளியை ராயல் மருத்துவக் கழகத்துக்கு அழைத்துச் சென்று, புரோஸ்டிக்மினின் பலனைக் காட்டினார். அந்த ஆண்டே எடின்பரோ பல்கலைக்கழகம் அவருடைய ஆய்வேட்டுக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 1862-ல் அவரையைப் பற்றி எழுதிய ஃப்ரேசருக்குப் பதக்கம் கொடுத்த அதே பல்கலைக்கழகம். குடும்பங்களில் தொடரும் மற்றொரு தசை முடக்க நோயில் ரத்தத்தின் பொட்டாசியம் தாழ்வதைக் கவனித்துச் சொன்னவரும் அவரே. இத்தனைக்குப் பிறகும் பெரிய பதவி எதுவும் அவரைத் தேடி வரவில்லை. உள்ளாட்சி மருத்துவமனைகளிலேயே பணிக்காலம் கழிந்தது. ராயல் மருத்துவர் கல்லூரி ஜீன் ஹன்டர் பரிசை அவருக்கு வழங்கியது 1962-ல். அந்த லான்செட் கடிதம் வந்து 28 ஆண்டுகள் கழித்து.

1938-ல் அவர் இன்னொரு சோதனையைப் பதிவு செய்தார். நோயாளியின் முன்கையில் ரத்த ஓட்டத்தைக் கட்டி நிறுத்திவிட்டு, அந்தக் கையை வேலை செய்ய வைத்தார். கட்டை அவிழ்த்த சற்று நேரத்தில், வேலையே செய்யாத இமை தாழ்ந்தது. கையிலிருந்து ஏதோ ரத்தத்தில் ஏறி இமைக்குப் போயிருக்க வேண்டும் என்று தோன்றும். அந்த விளக்கம் பின்னர் அப்படியே நிலைக்கவில்லை. ஆனால் 1934 கடிதத்தில் எழுதிய அந்த அறியப்படாத பொருளை அவர் விடாமல் துரத்தியிருக்கிறார் என்பதற்கு இது சாட்சி.

இந்தத் தேடலில் தமிழ்நாட்டுக்கு ஓர் உண்மையான தொடர்பு உண்டு, பாம்பு வழியாக. நல்ல பாம்பு கடித்தவருக்கு முதலில் இமைகள் தொங்கும், பிறகு நா குழறும், மூச்சு தளரும்; மயஸ்தீனியா நோயாளிக்குப் பல மாதங்களில் நடப்பது அவருக்குச் சில மணி நேரத்தில் நடக்கிறது. காரணம், அந்த நஞ்சு தாக்குவதும் அதே அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத்தான். அதனால்தான் நம் மருத்துவமனைகளில் நச்சு முறிவு மருந்தோடு அட்ரோபினும் நியோஸ்டிக்மினும் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஃப்ரேசரின் காவலும் வாக்கரின் மருந்தும் ஒரே தட்டில் வருகின்றன. கட்டுவிரியன் கடிக்கு இது பெரும்பாலும் பயன்படுவதில்லை. அதன் நஞ்சு நரம்பு நுனியையே சிதைத்துவிடுகிறது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் முறிமருந்தில் பெரும்பகுதி தயாராகிறது.

அறியப்படாத பொருளைக் கண்டுபிடிக்க உதவியதும் பாம்புதான். தைவானின் கட்டுவிரியன் இனம் ஒன்றின் நஞ்சிலிருந்து சாங், லீ இருவரும் 1963-ல் பிரித்த ஆல்ஃபா புங்காரோடாக்சின், தசையின் ஏற்பியில் ஒட்டினால் விடுவதில்லை. அதற்குக் கதிரியக்க அடையாளம் இட்டால் ஏற்பிகளை எண்ணிவிடலாம். இதற்கு முன்பே, 1960-ல், ஸ்காட்லாந்தின் ஜான் சிம்ப்சன் ஒரு கருதுகோளை முன்வைத்திருந்தார். நோயுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகள் சிலர் தளர்ச்சியோடு பிறந்து சில வாரங்களில் தேறிவிடுவதையும், இந்நோயோடு தைமஸ் சுரப்பிக் கோளாறுகள் அடிக்கடி சேர்ந்து வருவதையும் வைத்து, உடலே தன் ஏற்பிகளுக்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது என்றார். அன்று சான்று இல்லை.

சான்று 1973-ல் இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. கலிபோர்னியாவில் ஜிம் பேட்ரிக்கும் ஜான் லின்ட்ஸ்ட்ராமும் மின்விலாங்கிலிருந்து எடுத்த ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தினார்கள். எதிர்ப்பொருள் வரவழைப்பதே அவர்கள் நோக்கம். முயல்களோ தளர்ந்து தலை தூக்க முடியாமல் விழுந்தன. வாக்கரின் மருந்தினத்தைக் கொடுத்ததும் எழுந்து நின்றன. பால்டிமோரில் ஃபாம்பரோ, டிராக்மன், சத்யமூர்த்தி மூவரும் பாம்பு நஞ்சைக் கொண்டு நோயாளிகளின் தசையில் ஏற்பிகளை அளந்தார்கள். நலமானவர்களுக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மேரி வாக்கர் 1974-ல் காலமானார். 1975-ல் பால்டிமோரில் கிளாஸ் டாய்காவும் சகாக்களும் மயஸ்தீனியா நோயாளிகளின் ரத்தத்திலிருந்து இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் புரதத்தைப் பிரித்து எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தினார்கள். எலிகளின் ஏற்பிகள் குறைந்தன, அவற்றுக்கும் தளர்ச்சி வந்தது. 1672-ல் வில்லிஸ் ரத்தத்தைச் சந்தேகித்ததும், 1934-ல் வாக்கர் அறியப்படாத பொருள் என்று எழுதியதும் இதைத்தான். அந்த எதிர்ப்பொருளை ரத்தத்தில் நீடிக்க விடாமல் குறைக்கும் எஃப்கார்டிஜிமோட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2021 டிசம்பரில் அனுமதி தந்தது.